பக்கத்து ஊரோடு கூட்டு வேலை: காகிதத்தில் எதை எழுத வேண்டும்?

உள்ளாட்சி கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த உள்ளாட்சிக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. குடிநீர், கழிவு, சாலை என்று எதை எடுத்தாலும், ஓர் ஊராட்சியோ பேரூராட்சியோ தனியாகச் செய்ய முடியாத வேலையைப் பக்கத்து ஊரோடு சேர்ந்து எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

எங்கள் பேரூராட்சியை ஒட்டி இரண்டு ஊராட்சிகள் உள்ளன. செப்டிக் டேங்க் லாரிகள் ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டுப் போகின்றன. மூவரும் சேர்ந்து ஒரு கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?
– பேரூராட்சி மன்ற உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

கட்டலாம். ஆனால் புதிதாகக் கட்டுவதை முதல் யோசனையாக வைக்காதீர்கள். லாரி போய்வரும் தூரத்தில் எந்த நகராட்சிக்காவது பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். 2014-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே, இருக்கிற நிலையங்களைச் சுற்றி உள்ளாட்சிகளைத் தொகுப்பாகச் சேர்க்கச் சொல்கிறது. திருச்சியில் லாரிகள் குறிப்பிட்ட நீரேற்று நிலையங்களில் கசடை இறக்குவது இப்படித்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கசடு என்பது சாக்கடை நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நிலையம் தன் அன்றாட வரத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்கு மட்டுமே கசடைத் தாங்கும். ஒரே நேரத்தில் ஐந்து லாரி இறக்கினால் அங்குள்ள நுண்ணுயிர்கள் செத்து, சுத்திகரித்து வெளியேறும் நீரும் கெட்டுவிடும்.

அப்படி ஒரு நிலையம் பக்கத்தில் இல்லை என்றால் கணக்குப் போடுங்கள். மூன்று உள்ளாட்சிகளிலும் சேர்த்து 9,000 வீடுகள், அவற்றில் 6,000 வீடுகளில் செப்டிக் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொட்டியில் 3,000 லிட்டர் எடுத்தால் ஆண்டுக்கு 2,000 தொட்டி, அதாவது 60 லட்சம் லிட்டர். 300 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 20,000 லிட்டர், நாலைந்து லாரி. காகிதத்தில் இது சரி. ஊரில் நடப்பது வேறு. தொட்டி நிரம்பி வாசலில் வழிகிறவரை யாரும் லாரியைக் கூப்பிடுவதில்லை. அடியில் சிமென்ட் போடாத உறைக்குழியாக இருந்தால் பத்து வருஷமானாலும் நிரம்பாது. ஆகவே முழு அளவில் கட்டிய நிலையம் முதல் சில ஆண்டுகள் பாதி காலியாகக் கிடக்கும். ஆள் சம்பளமும் மின்கட்டணமும் குறையாது. திட்ட அறிக்கைக்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க லாரி உரிமையாளர்களிடம் நடைக்கணக்கு வாங்குங்கள். கல்யாண மண்டபம், ஹோட்டல், கல்லூரி விடுதிகளைத் தனியாக எழுதுங்கள். வீடுகள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடும். இவை மாதாமாதம் கூப்பிடும்.

இடத்துக்கு வருவோம். கிராம நிர்வாக அலுவலரிடம் நில வகைப்பாடு எழுதிய 'அ' பதிவேடும் புல வரைபடமும் வாங்கிப் பாருங்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்; நீதிமன்றத்தில் நிற்காது. வகைப்பாடு சரியாக இருந்தாலும் நேரில் போய் நில்லுங்கள். லாரி திரும்ப இடம், மழைக்காலத்திலும் புதையாத பாதை, கடைசி வீட்டிலிருந்து தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. ஒரு நடைக்கு 15 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டியிருந்தால் டீசல் கணக்குப் பார்த்து ஓட்டுநர் பழைய ஓடைக்கே போவார்.

நிலையத்தின் அமைப்பு எளிது: துணி, பிளாஸ்டிக் வடிக்கும் கம்பி வலை, கசடு தங்கும் தொட்டி, மணலும் ஜல்லியும் பரப்பிய உலர் படுகைகள், வடியும் நீரைச் சுத்தப்படுத்தும் தடுப்புத் தொட்டி, ஜல்லி வடிகட்டி, கடைசியில் ஒரு குட்டை. படுகையில் ஒரு சாண் அளவு கசடு விட்டால் வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து நாளில் வறண்டு வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வறளவே வறளாது. மேலே ஒளி புகும் கூரை போடாத நிலையங்கள் தீபாவளிக்கு முன்னால் கேட்டைச் சாத்துவது இதனால்தான். காய்ந்த கசடை அள்ளும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணலும் சேர்ந்து போகும். ஆண்டுச் செலவில் மணலுக்கு ஒரு வரி போடுங்கள். ஹோட்டல் எண்ணெய்ப் பசை வந்தால் மணல் அடைத்துக்கொள்ளும், சாயக்கழிவு கலந்து வந்தால் உயிரியல் சுத்திகரிப்பு நின்றுவிடும். வாயிலில் லிட்மஸ் வகைத் தாளும், லாரி எண், எடுத்த வீடு, அளவு, நேரம் எழுதும் பதிவேடும் வேண்டும். காய்ந்த கசடில் புழு முட்டைகள் உயிரோடு இருக்கும். சில மாதம் குவித்து வைக்காமலோ குப்பையோடு சேர்த்து மக்க வைக்காமலோ தோட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டு ஊரை நோக்கிக் கட்டிய நிலையத்துக்குச் செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழி ஓர் எடுத்துக்காட்டு. பேரூராட்சியில் கட்டியது மதுராந்தகம் நகராட்சிக்கும் சேர்த்துப் பயன்படுகிறது. கோவை மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இப்படித்தான் இணைந்தன. முடிந்தால் உங்கள் உறுப்பினர்களையும் ஒரு லாரி உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். லாரிக்காரரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிலையத்தின் வாயில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் திறந்திருந்தால் தன் தொழில் நடக்குமா என்று முதலில் கேட்கப்போவது அவர்தான். உரிமமும் ஜி.பி.எஸ். கருவியும் லாரிக்குக் கட்டாயம். ஆனால் இறக்கும் கட்டணம் அதிகமாக இருந்தால், கருவி கழற்றப்பட்ட லாரிதான் முதலில் ஓடைக்குப் போகும்.

ஒத்துழைப்பு அளிப்பதென்று எங்கள் மன்றத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாயிற்று. இது போதாதா? தனி ஒப்பந்தம் எதற்கு?
– முன்னாள் ஊராட்சித் தலைவர், கரூர் மாவட்டம்

போதாது. "ஒத்துழைப்பு" என்ற சொல்லுக்குத் தணிக்கையில் மதிப்பில்லை. உங்கள் பணம் உங்கள் எல்லைக்கு வெளியே செலவாகிறது என்ற ஆட்சேபனைதான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முதலில் எழும். தொகை, நோக்கம், எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டு என்று நான்கும் தீர்மானத்திலேயே வர வேண்டும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதியும் வாங்கிவிடுங்கள். பிறகு பணம் கட்டிவிட்டு, கட்டியதற்குப் பின்னேற்பு (பின்னால் தரும் ஒப்புதல்) கேட்டு அலைய வேண்டியிராது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. ஊராட்சிக் கோப்பு வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சிகள் உதவி இயக்குநர் என்று ஊரக வளர்ச்சித் துறை வழியே போகும். பேரூராட்சிக் கோப்பு செயல் அலுவலர், பேரூராட்சிகள் உதவி இயக்குநர் என்று இன்னொரு துறை வழியே போகும். இரண்டும் சந்திக்கிற முதல் மேசை ஆட்சியருடையது. கீழே எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும் மேலே போகும்போது ஒன்று வந்துவிடும், மற்றது ஆறு மாதம் கழித்து வரும். அதற்குள் மதிப்பீட்டு விலை மாறிவிடும். இரண்டு தீர்மானத்தின் வாசகத்தையும் ஒரே வரைவாகத் தயாரித்து, ஒரே வாரத்தில் மன்றங்களில் வைத்து, ஆட்சியருக்கு ஒரே கடிதத்தின் இணைப்புகளாக அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? கட்டுமானச் செலவைப் பிரிப்பதில் பெரும்பாலும் சண்டை வராது. மானியம் வந்துவிடும், மீதியை மக்கள்தொகைப்படி பிரித்துக்கொள்வார்கள். சண்டை முழுக்க ஓட்டும் செலவில்தான். அதை மக்கள்தொகைப்படி பிரிக்காதீர்கள். குறைவாகப் பயன்படுத்துகிற சிறிய ஊராட்சி இரண்டாம் ஆண்டே கட்டுவதை நிறுத்திவிடும். கூலி, பராமரிப்பு போன்ற நிலையான செலவில் பாதியை எல்லோரும் மக்கள்தொகை விகிதத்தில் ஏற்பது, மீதியை லாரி நடை அல்லது எடை மேடைக் கணக்குப்படி ஏற்பது நியாயமாக நிற்கிறது. மூன்று மாதச் செலவை முன்பணமாக ஒரு தனி வங்கிக் கணக்கில் வைத்துவிட வேண்டும். இரண்டு உள்ளாட்சிகளின் கையொப்பம் சேர்ந்தால்தான் காசோலை. தவணை தவறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். "சேவை நிறுத்தப்படும்" என்று எழுதினால் கசடு மறுபடி ஓடைக்குத்தான் போகும். அடுத்த மானியத்தில் பிடித்தம் செய்ய முன்கூட்டியே சம்மதம் என்று எழுதிவைப்பது மேல்.

நிலம் கொடுக்கும் ஊருக்கு என்ன? பலர் இதை வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. கட்டண விலக்கு, அந்த ஊர் ஆட்களுக்கு வேலை, லாரி போகும் சாலையின் பராமரிப்பு மற்றவர் பொறுப்பு, இரவு எத்தனை மணிக்கு மேல் லாரி வராது என்ற உறுதி என எல்லாவற்றையும் எண்ணோடு எழுதுங்கள்.

கையெழுத்து தலைவர் பதவிக்கு, ஆளுக்கு அல்ல என்ற வரியும் வேண்டும். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, தலைவர்கள் இடத்துக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். வாய்ப்பேச்சில் ஓடிய ஏற்பாடுகளைப் பற்றி ஒரு தனி அலுவலர் எதைப் பார்த்துப் பணம் விடுவிப்பார்? பிரான்ஸில் சிறு ஊர்கள் சேர்ந்து தண்ணீருக்கோ மின்சாரத்துக்கோ தனிச் சங்கம் அமைக்க 1890-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே சங்கத்தின் நோக்கம், ஒவ்வொரு ஊருக்கும் இடங்கள், பங்குத் தொகை மூன்றும் விதிப்புத்தகத்தில் இருக்கும். மேயர் மாறினால் அதில் எதுவும் மாறாது.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நாங்கள் கடைக்கோடி. மேலே உள்ள ஊர்களுக்கு வருகிறது, எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள். யாரிடம் கேட்பது?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

முதலில் உங்கள் ஊருக்கு எவ்வளவு வர வேண்டும் என்ற எண்ணைக் கையில் வையுங்கள். ஊரகத்துக்கு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்ற அளவு. 400 வீடு, 1,600 பேர் என்றால் 88,000 லிட்டர். உங்கள் மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர் என்றால் நாளுக்கு ஒரு முறை நிரப்பினாலும் பற்றாது. அப்படியானால் குறை, குழாயில் மட்டும் இல்லை.

அடுத்து, பொறுப்பு எங்கே கை மாறுகிறது என்று பாருங்கள். பொதுவாகக் கூட்டுத் திட்டத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்து விழும் தொட்டி வரை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், அதற்கப்பால் உள்ளாட்சி. அந்த இடத்தில் அளவி (மீட்டர்) இருக்கிறதா, ஓடுகிறதா? தொட்டி இயக்குபவரிடம் சொல்லி வால்வு திறக்கும்போது அளவி காட்டும் எண்ணையும் மூடும்போது காட்டும் எண்ணையும் பதினைந்து நாள் எழுதச் சொல்லுங்கள். "தண்ணி வரலை" என்ற மனுவைவிட இந்த ஒரு தாள் பொறியாளரின் மேசையில் அதிகம் பேசும்.

கடைக்கோடிக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் மேலே உள்ள ஊர்க்காரர்களின் பேராசை அல்ல, அதுவும் உண்டு. பம்ப் தண்ணீரைத் தள்ளும் நீளமான உந்து குழாயில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் குழாய் காலியாகி, மறுபடி நிரம்பி, அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் கடைசி ஊரின் கணக்கில்தான் கழியும். சாலையோரக் காற்று வால்வைத் தளர்த்திவிட்டுக் குளிப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் எல்லா மாவட்டத்திலும் நடப்பது. உந்து குழாயிலேயே துளைபோட்டு எடுத்த இணைப்புகள் இன்னொன்று. மூன்றாவது, நடு ஊர்களின் வால்வில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடோ கருவியோ கழற்றப்பட்டிருப்பது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போலத் திருச்சிப் பக்கக் காவிரியிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் வரை போகிற திட்டத்தில் இதில் ஒவ்வொன்றும் நூறு இடத்தில் நடந்தால் கடைசியில் என்ன மிஞ்சும்?

ஆகவே உங்கள் ஊர் மட்டும் போய்க் கேட்பதில் பயனில்லை. ஒரே கிளைக் குழாயில் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வால்வு நேர அட்டவணை போட்டு, உதவிப் பொறியாளரிடம் கையொப்பம் வாங்கி, ஒவ்வொரு தொட்டியிலும் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து குழாய்த் தடத்தை நடந்து பார்த்து வர வேண்டும். குடிநீர்க் கட்டணப் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டுங்கள். பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021–26 மானியத்தில் ஊரக உள்ளாட்சிக்கு 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே கட்டி வைக்கப்பட்டிருந்தது. பணமில்லை என்று சொன்ன பல இடங்களில் அது வேறு பணியாக ஓடியது.

மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறதாமே. அதனால் ஏதாவது ஆகுமா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

அரசியலமைப்பின் 243 இசட்-டி (243ZD) பிரிவு சொல்வது இது: ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றுசேர்த்து மாவட்டம் முழுமைக்கும் வரைவுத் திட்டம் தயாரிக்க ஒரு குழு. உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக, ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி இருக்க வேண்டும். நிலப் பயன்பாடு, தண்ணீரைப் பகிர்வது, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றை இரு தரப்புக்கும் பொதுவான விஷயங்களாக அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1992-இல் நிறைவேறிய 74-வது திருத்தத்தின் பகுதி இது.

ஆகுமா என்றால், குழுவின் கையில் தனி நிதி இல்லை என்பதால் தானாக ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் ஒவ்வொரு துறையும் தன் பட்டியலைக் கொண்டுவந்து வைக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துத் திட்டம் என்று பெயர் வைப்பார்கள். ஆனாலும் ஊரகத் துறையும் நகராட்சித் துறையும் ஒரே பதிவேட்டில் வரும் இடம் அது. கூட்டு வேலை ஒன்றை அதன் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால், பின்னர் நிதி கேட்கும்போது "மாவட்டத் திட்டத்தில் உள்ளது" என்று சுட்டலாம். பத்துப் பக்க அறிக்கை வேண்டாம். ஒரு வரைபடம், எந்தெந்த உள்ளாட்சி, எத்தனை வீடு, நில வகைப்பாடு, ஓட்டும் செலவை யார் ஏற்பது என்ற விவரங்கள் ஒரே தாளில் அடங்கட்டும்.

தொழிற்சாலை பக்கத்து ஊராட்சியில். வீட்டு வரியும் தொழில் வரியும் அவர்களுக்கு. லாரி முழுக்க எங்கள் சாலையில். இது என்ன நியாயம்?
– விவசாயி, காஞ்சிபுரம் மாவட்டம்

நியாயம் இல்லைதான். அமெரிக்காவில் மினியாபொலிஸ்–செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் இதே புகார் இருந்தது. 1971-இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டுக்குப் பிறகு ஓர் ஊரில் வணிக, தொழில் சொத்து மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். ஏற்கெனவே இருந்த மதிப்பைத் தொடவில்லை. வளர்ச்சியில் மட்டும் பங்கு. அந்தத் தொகுப்பை மக்கள்தொகையும் தலைக்கு உள்ள சொத்து மதிப்பும் பார்த்து, வசதி குறைந்த ஊருக்கு அதிகமாகப் பிரிக்கிறார்கள். வழக்குகள் முடிந்து நடைமுறைக்கு வர 1975 ஆனது. இன்றும் நடக்கிறது.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. பக்கத்து ஊராட்சி தன் வரியை விரும்பித் தரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சாலையைப் பிடியுங்கள். ஓர் அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது சாலைப் பொறியியலின் பழைய கணக்கு. கிராமச் சாலையின் ஜல்லி அடுக்கு டிராக்டருக்கும் மினி பஸ்ஸுக்கும் கணக்கிட்டது, கன்டெய்னருக்கு அல்ல. மேலே தாரை மட்டும் புதுப்பித்தால் அடுத்த மழைக்குப் பெயர்ந்துவிடும். மூன்று நாள், 24 மணி நேரமும் வாகனக் கணக்கெடுத்து, இரண்டு ஊராட்சிகளும் ஒன்றியமும் சேர்ந்து தீர்மானம் போட்டு, அந்தச் சாலையை நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தக் கேளுங்கள். பக்கத்து ஊராட்சி இதற்கு மட்டும் உடனே கையெழுத்துப் போடும், அவர்களுக்குச் செலவில்லை. தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதி வந்தால் அதை நிழற்குடைக்கும் வளைவுக்கும் விடாமல் வடிகாலுக்குக் கேளுங்கள். ஓரத்தில் தண்ணீர் நின்றால் எந்தச் சாலையும் நிற்காது.

மாநகராட்சியின் குப்பையை எங்கள் ஊராட்சி எல்லையில் கொட்ட இடம் பார்க்கிறார்கள். எங்களுக்குத் தடுக்க வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தடுக்க வழி கேட்கும் முன், என்ன வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் 50 கி.மீ. சுற்றளவில் உள்ள ஊர்களுக்கு, செலவைப் பகிர்ந்து பொதுக் குப்பை நிரப்பிடம் அமைப்பதை ஊக்குவித்தன. ஆனால் அங்கே போக வேண்டியது பிரித்தது போக மிஞ்சும் கழிவு மட்டும். ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையை (அனுமதி ஆணையை)க் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிராம சபையில் பதிவு செய்யுங்கள்.

மாநகராட்சிக்காரர்கள் இதைப் படித்தால் விளப்பில்சாலையை நினைக்கட்டும். திருவனந்தபுரம் மாநகராட்சி விளப்பில் ஊராட்சி எல்லைக்குள் 2000-இல் குப்பையை உரமாக்கும் ஆலை திறந்தது. ஆலைக்குப் பிரிக்காத குப்பை வந்தது, கழிவுநீர் ஓடையில் கலந்தது, 2011 டிசம்பரில் ஊராட்சி பூட்டுப் போட்டது. நீதிமன்ற உத்தரவோடு 2012-இல் போலீஸ் காவலில் திறக்க முயன்றும் மக்கள் சாலையில் உட்கார்ந்து தடுத்துவிட்டார்கள். பிறகு மாநகராட்சி வீட்டு உரக் குழாய்க்கும் வார்டு உரத் தொட்டிக்கும் மாற வேண்டியதாயிற்று. கொச்சியின் பிரம்மபுரத்திலும் ஆலை இன்னொரு ஊராட்சியின் எல்லையில்தான். பல நகராட்சிகள் அங்கே கொட்டின. 2023 மார்ச்சில் குப்பை மலை பற்றி எரிந்து நகரமே புகையில் மூழ்கியது. குப்பை கொட்டப்படும் ஊருக்கு எடைக்குத் தக்கபடி கட்டணம், பிரிக்காத லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை, நிலத்தடி நீர்ச் சோதனை முடிவு மாதாமாதம் ஊராட்சி பலகையில் என்ற மூன்றும் இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போவதாகப் பேச்சு. ஏற்கெனவே போட்ட கூட்டு ஒப்பந்தம் என்னாகும்?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

இணைப்பு ஆணையில் பொதுவாகச் சொத்தும் கடனும் புதிய உள்ளாட்சிக்குப் போகும் என்று இருக்கும். ஒப்பந்தப் பொறுப்பும் அதோடு போகும். ஆனால் ஊரகத் தலைப்பில் வந்த மானியமும் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்து ஆட்களும் நின்றுவிடுவதால், அவற்றை நம்பி ஓடிய பணி மறுநாளே நொண்டும். "வாரிசு உள்ளாட்சி இதே விகிதத்தில் தொடரும், விகிதம் மாற வேண்டுமானால் ஆறு மாத முன்னறிவிப்பு" என்ற வரியை இப்போதே திருத்தமாகச் சேர்த்து இரண்டு மன்றங்களிலும் நிறைவேற்றி விடுங்கள். தனிக் கணக்கில் உள்ள பணத்தையும், பம்ப், லாரி, எடை மேடை எது யாருடையது என்பதையும் பட்டியலிட்டுத் தேதியோடு இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் ஒன்றை மாநகராட்சி ஆணையரிடமும் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள்.